பூஜ்யம் என்றால் பூஜ்யமா? இரத்தத்தில் உலவும் புற்றணுக்களின் கணக்கைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடித்தவர்களின் கோப்புகளில், ஸ்கேன் படங்களோடு சேர்ந்து இரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்றும் இப்போது சில சமயம் தென்படுகிறது. ‘7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் புற்றணுக்கள்: 0’ என்றிருந்தால் வீட்டில் நிம்மதி பரவுகிறது, 2 என்றிருந்தால் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வருவதில்லை. இரண்டுமே பெரும்பாலும் அவசரப்பட்ட முடிவுகள்.

கட்டியிலிருந்து பிரிந்து இரத்த ஓட்டத்தில் கலந்து செல்லும் அணுக்களைத்தான் இந்தப் பரிசோதனை தேடுகிறது. புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தில் கட்டியின் அணுக்களையே ஒத்த அணுக்கள் இருந்ததை ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த் 1869-லேயே பதிவு செய்தார். இருப்பது தெரிந்தும் எண்ணுவது இன்றுவரை கடினமாக இருப்பதற்குக் காரணம் அவை மிக அரிதாக இருப்பதுதான். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்களும் பல லட்சம் வெள்ளையணுக்களும் இருக்க, அந்தக் கூட்டத்துக்குள் ஒன்றிரண்டு புற்றணுக்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் தவறு, பூஜ்யத்தை ‘நோய் இல்லை’ என்று படிப்பது. ஒருவரின் இரத்தத்தில் 7.5 மில்லிலிட்டருக்குச் சராசரியாக ஓர் அணு வீதம் உண்மையாகவே இருப்பதாகக் கொள்வோம். அவரிடமிருந்து அதே அளவில் 100 குழாய்கள் எடுத்தால், வெறும் தற்செயலினாலேயே சுமார் 37 குழாய்களில் ஒன்றுகூட அகப்படாது. சென்ற முறை 1, இந்த முறை 2, ஆகவே நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று கலங்குவதற்கும் இதே கணக்குதான் மறுப்பு.

பூஜ்யத்துக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் அதுவே முக்கியமானது என்பது என் கருத்து. பரவலாக அறியப்பட்ட செல்சர்ச் கருவி, அணுவின் மேற்பரப்பில் உள்ள எப்கேம் என்ற புரதத்தைக் காந்தத் துகள்களால் பற்றி இழுக்கிறது. அதன்பின் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறதா, உட்கரு தெரிகிறதா, வெள்ளையணுவுக்குரிய சிடி45 என்ற அடையாளப் புரதம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து எண்ணுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பத்துக்கு ஒன்பது, வாய், தொண்டை ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் தட்டையான அணுக்களில் தோன்றும் செதிள் செல் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் எப்கேம் ஒரே சீராக இருப்பதில்லை. மேலும், பரவும் தன்மையை அடையும்போது சில அணுக்கள் அந்தப் புரதத்தையே இழந்துவிடுகின்றன. பெரிய கண்ணி வலையை வீசிவிட்டு ஏரியில் பொடிமீனே கிடையாது என்று சொல்வதைப் போன்றதுதான் இந்தப் பூஜ்யம்.

அடுத்தது, வேறொரு நோயின் எல்லைக்கோட்டை இரவல் வாங்குவது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-ல் இந்தக் கருவிக்கு ஒப்புதல் தந்தது உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கு; பெருங்குடலும் புராஸ்டேட்டும் பின்னர் சேர்ந்தன. எண்ணிக்கை இதை எட்டினால் நோய் கடுமையானது என்று கொள்ளும் எல்லைகள், அதாவது மார்பகத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் 5, பெருங்குடலுக்கு 3, அந்த நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டவை, அதுவும் 7.5 மில்லிலிட்டருக்கு. வாய்ப் புற்றுநோயோ பெரும்பாலும் முதலில் நிணநீர் வழியாகக் கழுத்து முடிச்சுகளுக்குச் செல்கிறது. கழுத்தில் முடிச்சு வளர்ந்துகொண்டிருக்க, இரத்தத்தில் எண்ணிக்கை குறைவாகவே இருப்பதில் வியப்பில்லை.

ஜனவரியில் ஒரு முறையிலும் ஜூனில் வேறொரு முறையிலும் எடுத்த எண்களை ஒப்பிடக் கூடாது. அளவைக் கொண்டு வடிகட்டும் முறை, எப்கேமைப் பற்றும் முறை, கெரட்டின் மரபணுச் செய்தியைப் பலமடங்கு பெருக்கித் தேடும் பிசிஆர் முறை ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்பவை. பிசிஆர் முறையில் சாதாரண இரத்த அணுக்களிலிருந்து வரும் மிகச் சிறிய சமிக்ஞைகூடப் பொய்யான நேர்மறை முடிவைத் தரக்கூடும்.

இரத்தம் எடுப்பதிலும் பிழைகள் நேரும். ஊசி தோலைத் துளைக்கும்போது தோலின் அணுக்களும் உடன் வரக்கூடும் என்பதால், முதல் குழாயை வேறு பரிசோதனைக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததை அனுப்புவது நல்ல வழக்கம். செல்சர்ச்சுக்கான பதப்படுத்தும் குழாய் அறை வெப்பத்தில் 96 மணி நேரம் தாங்கும். அக்கறையாகச் செய்வதாக எண்ணிக் குளிர்பெட்டியில் வைப்பதுதான் தவறு. பயாப்சியோ அறுவையோ முடிந்த கையோடு எடுத்த மாதிரியில், கட்டியைக் கையாண்டதால் உதிர்ந்த அணுக்களும் சேர்ந்திருக்கலாம்.

இந்த அணுக்களையும் இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவையும் ஒன்றாகக் குழப்புவோர் பலர். இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த, எச்பிவி வைரஸின் டிஎன்ஏவைத் தேடும் பரிசோதனை, அந்த வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோயைக் கண்காணிக்க உதவலாம். புகையிலையாலும் பாக்காலும் வந்த கன்னப் புற்றுநோயில் அதற்கு வேலையே இல்லை.

எண் கூடியதும் மருந்தை மாற்றச் சொல்லி மருத்துவரை நெருக்குவது வேறொரு தவறு. மார்பகப் புற்றுநோயில் இது முறையாகச் சோதிக்கப்பட்டது: முதல் சுற்று கீமோதெரபிக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாதவர்களுக்கு உடனே மருந்தை மாற்றியும் ஆயுள் கூடவில்லை என்று 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எண் அதிகமுள்ளவர்களின் நோய் கடுமையானது என்பது அதிலும் உறுதியானது. ஆனால் அந்த அறிவு சிகிச்சையாக மாறவில்லை.

எந்த அறிகுறியும் இல்லாதவர் ‘முன்கூட்டியே தெரிந்துகொள்ள’ இதற்குப் பணம் கட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்ததே, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண்ணோ கழுத்தில் கரையாத கட்டியோ இருந்தால், இரத்த அறிக்கையில் எந்த எண் இருந்தாலும், சதையை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.