ஐப்பசிக்கு முன் மழைநீர்க் குழியைத் திறந்து பாருங்கள்

2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது சென்னையில் வீட்டுக்கு வீடு குழி தோண்டினார்கள். அப்படியும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது. மழை குறைந்தது ஒரு காரணம். அன்று தோண்டிய குழிகளில் பல தூர்ந்து கிடப்பதும் நிலத்தடி நீருக்குப் பெரிய இழப்பு.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. சிதறலும் ஆவியும் போக, ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும்.

இப்போது குழி மூடியைத் தூக்குங்கள். மேலே ஜல்லி, அதன்மேல் விரல்கடை கனத்துக்கு வழவழவென்று கறுப்பு வண்டல் தெரிகிறதா? இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் குழி அடைத்துவிட்டது. ஜல்லியை அள்ளி, கழுவித்தான் திரும்பப் போட வேண்டும்.

அதைவிட நல்லது, உறைக்கிணறாக மாற்றுவது. மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியில் 760 லிட்டர் பிடிக்கும். ஜல்லி நிரப்பினால் இடுக்குகளில் 300 லிட்டர்தான் நிற்கும். ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ. கொட்டினால் அந்த மாடியிலிருந்து வருவதோ 2,800 லிட்டர். மிச்சம் தெருவுக்குத்தான் போகும். மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழத்துக்குத் துளையுள்ள சிமென்ட் உறை இறக்கி, உள்ளே எதையும் நிரப்பாமல் விட்டால் 3,000 லிட்டர் தாங்கும். மேலே கனமான மூடி கட்டாயம். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இதில் அலட்சியமே கூடாது.

திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடங்களில் இதுவே போதும். அடியில் களிமண் என்றால் உறைக்கிணற்றுக்குள்ளேயே ஆறங்குலத் துளை போட்டு, களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டும்வரை இறக்கிக் கூழாங்கல் நிரப்புங்கள். இல்லையேல் தண்ணீர் உள்ளே நிற்கும், கொசுதான் பெருகும். கடற்கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது; அது குறைந்தால் உப்புநீர் மேலேறும் என்பதால் அங்கே மழைநீரை இறக்குவது இன்னும் அவசியம்.

மாடிக்குழாய் நேராகக் குழியில் விழக்கூடாது. நடுவே இரண்டடித் தொட்டி கட்டி, குழிக்குப் போகும் குழாயைத் தொட்டியின் அடித்தளத்திலிருந்து அரையடி உயரத்தில் வையுங்கள். மண் கீழே தங்கிவிடும். குழாய் வாயில் நைலான் வலை. முதல் மழையில் பறவை எச்சமும் தூசியும் வரும் என்பதால், மாடிக்குழாயில் மூடியுள்ள ஒரு பக்கக் குழாய் வைத்து, மூடியைக் கழற்றி அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு மூடுங்கள்.

வாசலில் ஓடும் தண்ணீரை, அதில் வண்டி எண்ணெய் கலந்திருக்கும், போர்வெல்லுக்குள் ஒருபோதும் விடாதீர்கள். செப்டிக் டேங்கிலிருந்து மனை இடம் கொடுக்கும் அளவுக்குத் தள்ளியே தோண்டுங்கள். மாடிக்குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் பார்த்துவிடுங்கள்: பாதாளச் சாக்கடையில் சேர்த்திருந்தால், அடைமழையில் தெரு மேன்ஹோல் பொங்குவதற்கு அதுவும் காரணம். இந்த இணைப்பைத் துண்டித்துக் குழிக்குத் திருப்ப ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை. புரட்டாசி முடிவதற்குள் செய்துவிடுங்கள்.