லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்போது: சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்காதீர்கள்

வீட்டு வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்மைக் கழற்றி, அது சட்டத்தோடு சேரும் இடத்தில் புது புஷ் (ரப்பர் வைத்த வளையம்) போட்டு, எல்லா போல்ட்டையும் நன்றாக இறுக்கிவிட்டு இறக்குகிறோம். முன்பு வந்த ‘டொக்’ சத்தம் போய்விடுகிறது. நாலைந்து மாதம் கழித்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அதே ‘டொக்’ திரும்பி வருகிறது. டூப்ளிகேட் பாகம் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரர் மேல் கோபப்படுவதற்கு முன், போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினோம் என்று யோசிக்க வேண்டும். நான் முதலில் மாற்றிய ஜோடி இப்படித்தான் கிழிந்தது.

பழைய புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே சின்னக் குழாய், நடுவில் ரப்பர். ரப்பர் இரண்டோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் வண்டியின் சட்டத்தில் இருக்கும் பிராக்கெட்டோடு அசையாமல் நின்றுவிடும். வெளிவளையம் ஆர்மோடு போகும். பேரிங் மாதிரி இங்கே எதுவும் சுழல்வதில்லை. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. காரைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே எழும். கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு இருக்கும். அதற்கு மேல் ஒரு பள்ளம் வந்தால் எவ்வளவு நாள் தாங்கும்?

அதனால் ஜாக்கி வைப்பதற்கு முன்பே டேப் எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆர்மை மாட்டும்போது போல்ட்டுகளைக் கையால் போகும் வரை மட்டும் முறுக்குங்கள். அப்புறம் ஆர்மின் பால் ஜாயின்ட் முனைக்கு (சக்கரப் பக்கம் உருண்டை மூட்டு இருக்கும் முனை) அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, அந்த அளவு வரும் வரை மெதுவாக ஏற்றி, அங்கே வைத்து டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். எவ்வளவு விசை என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இந்த உயரத்தில் காரின் பாடி, அதைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டை விட்டு லேசாக எழும்பலாம், ஸ்டாண்டை நகர்த்தவே கூடாது. சக்கரங்களை ரேம்பில் ஏற்றி நிறுத்த வழி இருந்தால் அதுவே இன்னும் நல்லது. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (கெட்டியான பிளாஸ்டிக் மாதிரி) வைத்த புஷ்ஷில் உள்குழாய் ஒட்டாமல் சுழலும் என்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் கூடவே வரும் கிரீஸைப் பூசாமல் போட்டால் கீச்சிடும்.

அடுத்தது சுத்தியல். புது புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் வெளிவளையம் நெளியும், சில சமயம் ஆர்மே வளையும். அழுத்தம் வெளிவளையத்தின் மேல்தான் விழ வேண்டும், ரப்பரிலோ உள்குழாயிலோ அல்ல. வைஸும் சரியான அளவு சாக்கெட்டும் இருந்தால் வீட்டிலேயே முடியும். ஆனாலும் என் யோசனை, ஆர்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள். சில நிமிட வேலைதான். பழைய ரப்பரைத் தீ வைத்து எரிக்கிறார்கள், அது வேண்டாம். புகை நெஞ்சுக்குக் கெடுதி. அலுமினிய ஆர்ம் என்றால் சூட்டில் அதன் பலமே போய்விடும்.

கழற்றும் முன் பழைய புஷ் எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போட்டோ எடுத்து வையுங்கள். ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ்ஷில் பல வண்டிகளில் ரப்பருக்குள் வளைந்த ஓட்டைகள் இருக்கும். அவை அழகுக்காக இல்லை. எந்தத் திசையில் மெத்தென்று இருக்க வேண்டும், எந்தத் திசையில் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. திருப்பிப் போட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் நடத்தையே மாறும். ரப்பர் புஷ் வழுக்கி உள்ளே போவதற்கு இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவாதீர்கள், ரப்பர் ஊறி உப்பும். சோப்புத் தண்ணீர் போதும்.

வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் உடையும். இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒருமுறை திறந்த நைலான் நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் மறுபடி போடாமல் புதிது வாங்குங்கள். பால் ஜாயின்ட்டும் ஆடுகிறது என்றால் முழு ஆர்மாக மாற்றுவதே லாபம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில் பெரிய மிச்சம் எதுவும் இல்லை.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் குனிந்து பார்த்தால், கோடு விலகியிருக்கிறதா என்று ஸ்பேனர் எடுக்காமலே தெரியும்.