வீட்டில் கிரானைட் வெட்டும் நாளில் நுரையீரலைக் காப்பது எப்படி?

மூச்சோடு போகும் தூசியில் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலுமே சிக்கிவிடும். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள பொடிதான் நுரையீரலின் கடைக்கோடியான காற்று நுண்ணறை வரை இறங்கும். அங்கே தூசியைத் தள்ளிவிட முடி போன்ற குறுஇழைகள் கிடையாது. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள்தான் காவல். போகிப் புகையின் கரியைக்கூட விழுங்கி, மெல்ல ஊர்ந்து மேலே சளிப்பாதையில் ஏற்றிவிடப் பார்க்கும்.

கல்லிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கா என்னும் படிகத்திடம் இந்த வித்தை பலிக்காது. விழுங்கியதைக் கரைக்கச் செல்லுக்குள் இருக்கும் அமிலப் பையை அந்தப் படிகம் ஓட்டையாக்கிவிடும். செல் சாகும், துகள் வெளியே விழும், அடுத்த செல் அதையே விழுங்கிச் சாகும். அந்த இடத்தில் அழற்சி, பிறகு தழும்பு. இதுதான் சிலிக்கோசிஸ். காசநோய்க் கிருமியை முதலில் எதிர்கொள்வதும் இதே செல்கள் என்பதால் அந்த நோயும் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

மார்பிளில் சிலிக்கா குறைவு. கிரானைட், டைல்ஸ், கான்கிரீட், எம்-சாண்ட் பூச்சு எல்லாவற்றிலும் உண்டு. சமையல் மேடைக்கு இப்போது பலர் கேட்கும் செயற்கை குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. அளவெடுத்துக் கடையிலேயே வெட்டி வாங்கினால் வீட்டுக்குள் தூசி குறையும். ஆனால் அங்கேயும் தண்ணீர் விட்டுத்தான் வெட்டுகிறார்களா என்று பாருங்கள்.

வீட்டில் வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் இணைப்புள்ள மார்பிள் கட்டரைக் கேளுங்கள். பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டராவது விழ வேண்டும். வெட்டும் முன் கல்லை நனைத்தால் போதாது. இரண்டாவது அங்குலத்திலேயே வெள்ளைப் புகை கிளம்பும். கல் வெட்டும் சாதாரண கிரைண்டரில் பாட்டில் தண்ணீர் ஊற்றும் வேலை வேண்டாம், ஷாக் அடிக்கும். எந்த மெஷினானாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில்தான் செருக வேண்டும்.

சென்னையில் வெயில் காலத்தில் மதியத்தை ஒட்டிக் கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறும். வீட்டுக்கு மேற்குப் பக்கம் வைத்து வெட்டினால் தூசி வெளியே போகும். அறைக்குள் சுவரில் காடி (ஒயர், குழாய் பதிக்கும் பள்ளம்) எடுப்பதானால் ஏசி, ஃபேன் நிறுத்தி, கதவில் ஈரத் துணி தொங்கவிடுங்கள்.

துண்டு கட்டுவதும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தப் பொடிக்கு உதவாது. என்95 வேண்டும்: ஒரு பட்டை உச்சந்தலையில், மற்றது காதுக்குக் கீழே கழுத்தில். மூக்குக் கம்பியை இரு கை விரலாலும் அழுத்தி, வேகமாக மூச்சு விடுங்கள். ஓரத்தில் காற்று பட்டால் ஒழுகுகிறது. தாடி இருந்தால் ஒழுகத்தான் செய்யும். துவைத்தால் வடிகட்டும் திறன் போய்விடும். வியர்வையில் ஊறினால் புதிது மாற்றுங்கள். வீட்டுக்காரருக்கு இது ஒருநாள் வேலை, மேஸ்திரிக்குத் தினசரி. முதல் மாஸ்க் அவருக்கு.

பெரும்பாலும் கோட்டைவிடுவது கடைசியில்தான். தண்ணீரில் கலந்த கல்தூசிச் சேறு காய்ந்ததும் துடைப்பத்தால் பெருக்குவார்கள், அடங்கிய தூசி அத்தனையும் மறுபடி எழும்பும். ஈரத்தோடு வழித்துச் சாக்கில் கட்டுங்கள். பாத்ரூம் குழியில் கழுவிவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்து வாழைப்பழம், வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். இறங்குவது வயிற்றுக்கு, நுரையீரலுக்கு வேறு குழாய். இருமல் 2 வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். கல் வெட்டும் வேலை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.