முதலில் வழி, பிறகு தெய்வம்: நாடோடிக் குலத்தைப் புனையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிகுபுனைவு (ஃபேண்டஸி) எழுதும் பலருக்கும் ஓர் ஆசை இருக்கும். இயற்கையை வணங்கும் நாடோடிக் குலம் ஒன்றைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். எனக்கும் இருந்தது. என் கதையில் சேணர் என்றொரு குதிரைக் குலம் வருகிறது. முதல் வரைவில் அவர்கள் காற்றையும் நிலவையும் வணங்கினார்கள், கால் போன போக்கில் திரிந்தார்கள், எந்த உயிரையும் கொல்லவில்லை. படித்துப் பார்த்த தோழி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சரி, குளிர்காலத்தில் இவர்கள் எங்கே இருப்பார்கள்?" என்னிடம் பதில் இல்லை.

பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நாடோடி என்றால் திக்குத் தெரியாமல் அலைபவர் என்று நினைத்துக்கொள்கிறோம். மங்கோலிய மேய்ச்சல் குடும்பத்துக்குக் குளிர்காலத்துக்கு ஓர் இடம், கோடைக்கு ஓர் இடம் என்று பருவத்துக்குப் பருவம் தங்குமிடம் உண்டு. குளிர்கால இடம் காற்று அடிக்காத மலை மடிப்பாகப் பார்த்து அமையும். ஈரானின் பக்தியாரி என்ற மேய்ச்சல் குடியினர் ஆண்டுக்கு இருமுறை ஜாக்ரோஸ் மலைத்தொடரைக் கடந்தார்கள்: குளிருக்குக் கூசெஸ்தான் சமவெளி, கோடைக்கு மலைப் புல்வெளி. ஆடு மேய்த்தபடி ஊர் ஊராகப் போகும் நம் ஊர்க் கீதாரிகளும் அப்படித்தான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்வெளிக்குப் போவது அறுவடைக் கணக்குப் பார்த்து.

ஆகவே முதலில் வரைபடத்தை எடுங்கள். பருவத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். மேய்ந்துகொண்டே நகரும் ஆட்டு மந்தை ஒரு நாளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனாலே அதிகம். நடுவில் தண்ணீர் எங்கே? கணவாயில் பனி எப்போது விலகும்? ஆற்றை எந்த மாதத்தில் கடக்கலாம்? இதெல்லாம் தெரிந்துவிட்டால் தெய்வங்கள் எங்கே நிற்கும் என்பதும் தெரிந்துவிடும். எந்த இடத்தில் குட்டிகள் சாகின்றனவோ, அங்கே ஒரு தெய்வம் நிற்கும்.

ஏனென்றால் யாரும் பொதுவாக "இயற்கை"யை வணங்குவதில்லை. அது நகரத்தில் உட்கார்ந்து யோசிப்பவரின் சொல். மேய்ச்சல்காரர் வணங்குவது இந்தக் கணவாயை, இந்தச் சுனையை, இந்தப் பாறையை. மங்கோலியக் கணவாய்களில் ஓவோ என்ற கற்குவியல் இருக்கும். அந்த வழியாகப் போகிறவர் ஒரு கல்லைச் சேர்த்து, மூன்று முறை வலம் வந்துவிட்டுப் போவார். நீலத் துணி கட்டுவார்கள். வட ஐரோப்பாவின் சாமி மக்கள் வழியில் தனித்துத் தெரிந்த சில பாறைகளுக்குப் படையல் வைத்தார்கள்.

இன்னொன்று, அந்த வணக்கத்தில் அன்பை விட அச்சம் அதிகம். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விடும் மென்மையான குலத்தைப் படைத்துவிட்டு, இயற்கை வழிபாடு என்று பெயர் வைக்கிறோம். மங்கோலியாவில் ட்ஸுட் என்ற கொடும்பனிக்காலம் உண்டு. 2009–10இல் வந்தது 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றது. ஒரே பருவத்தில் மந்தை முழுவதையும் இழந்த குடும்பங்கள் பல. வானம் அப்படிச் செய்யக்கூடியது என்று தெரிந்தவர்கள் வானத்தை எப்படிக் கும்பிடுவார்கள் என்று யோசியுங்கள். நமக்கு இதற்கு வேறெங்கும் போக வேண்டாம். சங்கப் பாடல்களில் மலையிலும் சுனையிலும் அணங்கு, சூர் என்ற அச்சந்தரும் தெய்வங்கள் உறைகின்றன. அணங்கு என்ற அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அழகும் நடுக்கமும் சேர்ந்திருக்கின்றன.

கொல்லாமையும் அப்படித்தான். உழவுக்கு உதவாத புல்வெளியில் இறைச்சியும் பாலும்தான் உணவு. மரியாதை தெரிவது எப்படிக் கொல்கிறார்கள் என்பதில். மங்கோலிய மரபில் ஆட்டின் மார்பில் சிறிதாகக் கீறி, கையை உள்ளே விட்டு இதயத்தின் பெருங்குழாயைத் துண்டிப்பார்கள். ஒரு சொட்டு இரத்தமும் மண்ணில் சிந்தக் கூடாது. பத்து வரிப் பிரார்த்தனையை விட இந்த ஒரு செய்கை உங்கள் குலத்தை வாசகருக்குச் சொல்லிவிடும்.

மரமே இல்லாத புல்வெளியில் கட்டை அடுக்கி நெருப்பு மூட்டும் காட்சி அடிக்கடி வருகிறது. அங்கே எரிவது காய்ந்த சாணம். வறட்டி தட்டிய ஊர்க்காரர்கள் நாம், இதைத் தவறவிடலாமா?

அப்புறம் அந்தக் கிழ மந்திரவாதி. எல்லா வழிபாட்டையும் அவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க வைக்கிறோம். மங்கோலியக் கூடாரத்தில் காலையில் முதல் பாலை நாற்புறமும் தெளிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண். அதற்கென்றே ஒன்பது குழி கொண்ட மரக்கரண்டி இருக்கிறது. அடுப்பு நெருப்பில் குப்பை போடக் கூடாது, வாசற்படியை மிதிக்கக் கூடாது. பெரிய சடங்கை விட இந்தச் சின்ன விலக்குகளில்தான் ஒரு குலத்தின் நம்பிக்கை மூச்சு விடுகிறது.

தெய்வங்கள் உண்மையிலேயே இருக்கும் உலகம் என்றால் இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது: எந்தத் தெய்வம் கூட வரும், எது அங்கேயே தங்கும்? சைபீரியாவில் துருவ மான் வளர்க்கும் நெனெட்ஸ் மக்களிடம் தெய்வ உருவங்களுக்கென்றே ஒரு புனிதச் சறுக்குவண்டி உண்டு. சுனைத் தெய்வத்தை அப்படி ஏற்றிக்கொண்டு போக முடியாதே. அது இல்லாத ஏழு மாதம் உங்கள் மக்கள் யாரை நம்பி இருப்பார்கள்?

உலகத்தோடு ஒட்டாத குலம் என்பதும் நம்ப முடியாதது. மங்கோலியாவின் நோயின் உலா கல்லறைகளில் சியோங்னு என்ற பழங்கால நாடோடி மக்களின் தலைவர்களோடு சீனப் பட்டும் புதைந்திருந்தது. கீதாரி வயலில் கிடை போடுவார், ஆட்டுப் புழுக்கை உரமாகும், நிலக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். உங்கள் நாடோடிகளுக்கும் தானியம், இரும்பு, உப்பு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அந்தச் சந்தையில் ஏமாற்றும் நடக்கும், காதலும் நடக்கும்.

வழியை வரைந்த பிறகு என் சேணர் கதையில் நான் எதிர்பார்க்காத ஒருத்தி வந்தாள். தெற்குச் சுனைக் குலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தன் சுனையை விட்டுவர மனமில்லாமல் ஒரு தோற்பையில் அதன் தண்ணீரை நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். வேற்றுத் தெய்வத்தைக் கூடாரத்துக்குள் விடக் கூடாது என்று மாமியார் வாசலை மறித்து நிற்கிறாள். வெளியே பனி பெய்யத் தொடங்கிவிட்டது, பைக்குள் தண்ணீர் உறைந்துகொண்டிருக்கிறது.