ஹப்பில் இறுகிப்போன ரப்பர் புஷ்ஷைக் கழற்ற

பழைய பைக்கின் பின் சக்கர ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) பவுடர் கோட்டிங்குக்கு (பெயிண்ட் தூளைத் தூவி அடுப்பில் சுட்டுப் பூசுவது) கொடுக்கும் முன் உள்ளேயிருக்கும் ரப்பர் புஷ்களை (நடுவில் இரும்புக் குழாய் உள்ள ரப்பர் உருளைகள்) கட்டாயம் எடுத்துவிடுங்கள். அடுப்புச் சூடு 180 டிகிரியைத் தாண்டும். ரப்பர் இளகிப் புகைந்து பூச்சைக் கெடுத்துவிடும்.

சுத்தியலால் அடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். ரப்பர் அடியை வாங்கிக்கொண்டு துள்ளும், அலுமினியம்தான் விரிசல் விடும். நடு இரும்புக் குழாயைச் சுற்றி ரப்பரில் 4 மி.மீ. டிரில்லால் நெருக்கமாகத் துளை போடுங்கள். டிரில் மாட்டிக்கொண்டால் சோப்புத் தண்ணீர் விடலாம். குழாய் தளர்ந்ததும் பிளையரால் திருகினால் கையோடு வந்துவிடும். மிச்ச ரப்பரைக் கத்தியால் சீவி எடுங்கள்.

சில ஹப்களில் ரப்பருக்கு வெளிப்பக்கமும் ஓர் இரும்பு வளையம் இருக்கும். உண்மையான தொல்லை அதுதான். ஹேக்சா (இரும்பு அறுக்கும் ரம்பம்) பிளேடைத் துளைக்குள் நுழைத்து, பற்கள் வெளிப்பக்கம் பார்க்க, வளையத்தை மெதுவாக அறுங்கள். இரும்புத்தூளோடு வெள்ளையாகத் தூள் வர ஆரம்பித்தால் அலுமினியத்தைத் தொட்டுவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள். அப்புறம் சின்ன உளியால் வளையத்தை உட்பக்கம் மடக்கினால் பிடி விட்டுவிடும்.

ரப்பரைத் தீவைத்து எரிப்பவர்களும் உண்டு. புகை நச்சு, அலுமினியமும் வலுவிழக்கும், வேண்டாம்.