ஆன்டிபயாடிக் கேட்கவில்லையா? மருந்தை மாற்றும் முன் நோயாளியைத் தொட்டுப் பாருங்கள்

வார்டுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள், பயிற்சிக் காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே அச்சு அசலாகச் செய்கிறார்கள். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது, பாதியில் நிறுத்துவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு மற்ற பிழைகளைச் சொல்கிறேன்.

சீழை உள்ளே விட்டுவிட்டு மருந்தை மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. காய்ச்சல் இறங்கவில்லை என்றதும், கிருமிக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிட்டதென்று முடிவுகட்டி அடுத்த மருந்துக்குத் தாவுகிறார்கள்.

சர்க்கரை நோயாளி ஒருவருக்கு மாலையானால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். மருந்துத் தாளில் செஃபாசோலினை அடித்துவிட்டு பைப்பராசிலின், அதையும் அடித்துவிட்டு மெரோபெனம். போர்வையை விலக்கினேன். வலது தொடை பருத்து, தோல் மினுமினுத்தது. விரல் வைத்து அழுத்தியதும் உள்ளே தளும்பியது. கீறிவிட்டபோது ஒரு கிண்ணம் சீழ் வடிந்தது. மறுநாள் மாலை காய்ச்சல் வரவில்லை. கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளர்ந்த ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி, முதலில் கொடுத்த செஃபாசோலினுக்கே கட்டுப்படும் வகை!

சீழ்க்கட்டியின் நடுவே ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தத்தில் வரும் மருந்து சொற்பமே உள்ளே போகும். அங்கே அமிலத்தன்மை அதிகம், ஆக்சிஜன் குறைவு. ஜென்டாமைசின் அதில் முடங்கிவிடும். பென்சிலின் வகை மருந்துகளோ, கிருமி பெருகுவதற்காகச் செல்சுவர் கட்டும்போதுதான் அதைத் தாக்கும். பெருகாமல் கிடக்கும் கிருமி தப்பிவிடுகிறது. ஆய்வகத்தில் மருந்தைச் சோதிப்பது ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் கிருமிகளை வைத்து. சீழில் அது பல கோடியாக இருக்கலாம். ஆய்வக அறிக்கையில் வேலை செய்யும் மருந்து உடலில் தோற்பது இதனால்தான்.

மிகச் சிறிய கட்டிகள் சில மருந்திலேயே கரையும், உண்மைதான். அதற்காகத் தேடாமல் இருக்க முடியுமா? மூட்டு, கல்லீரல், பித்தப்பை, கல் அடைத்த சிறுநீரகம் என ஒவ்வொன்றையும் பாருங்கள், ஸ்கேன் எடுங்கள். மருந்தை மாற்றுவது அதற்குப் பிறகு.

கல்ச்சருக்கு முன்பே முதல் ஊசி

கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் ஊசியைப் போடுங்கள்.

மருந்து போய்ச் சேராத இடம்

நைட்ரோஃபியூரன்டோயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நல்ல மருந்து. சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. டாப்டோமைசினை, நுரையீரலின் காற்றறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் செயலிழக்கச் செய்துவிடும். நிமோனியாவுக்கு அதை எழுதாதீர்கள்.

பழைய கதீட்டர்

உடலில் செருகியிருக்கும் இந்தக் குழாயிலிருந்துதான் தொற்று என்றால், கழற்றுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசினோடு இரும்புச் சத்து மாத்திரை

இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு மருந்தைப் பிடித்துக்கொள்ளும். குடல் அதை உறிஞ்சாது. இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோஃப்ளாக்சசினைக் கொடுங்கள். நேரத்தையும் மருந்துச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.