ஹமில்டன் 30 கிலோமீற்றர் ஓட்டம்: குளிருக்கு உடுப்பு அடுக்கும் முறை

கனடாவின் ஹமில்டன் நகரத் துறைமுகத்தைச் சுற்றி ஓடும் 'அரவுண்ட் த பே' பந்தயம் 1894இல் தொடங்கியது. பொஸ்டன் மரதனுக்கு 3 வயது மூத்தது. தூரம் 30 கிலோமீற்றர். பங்குனிக் கடைசியில் நடப்பதால் பனியும் வரலாம், மழையும் வரலாம், நல்ல வெயிலும் எறிக்கலாம்.

முதல்தடவை ஓடியபோது தூரத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தேன். உடுப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. 22ஆவது கிலோமீற்றரில் பல் கிடுகிடுக்க, ஓட்டத்தை விட்டு நடக்கத் தொடங்கினேன். காலில் பலம் இருந்தது. உள்ளே போட்டிருந்த பெனியன்தான் தொப்பலாக நனைந்திருந்தது. இந்த வருடம் முதன்முதலாக ஓடப்போகும் ஒருவருக்கும் அது நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி, சப்பாத்து எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரே உடுப்புக்கு வருகிறேன்.

படி 1: காற்றைப் பாருங்கள்

முதல்நாள் இரவு வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுப் படுக்காதீர்கள். மைனஸ் 2 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 9 போல இருக்கும். ஒன்ராறியோ ஏரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டு ஒன்று உண்டு. அந்தப் பக்கம் ஏரிக்காற்றுக்கு மறைப்பே கிடையாது.

காற்றையும் சேர்த்துக் கிடைத்த எண்ணோடு 10 பாகையைக் கூட்டுங்கள். அந்தக் குளிரில் கடைக்கு நடந்து போவதென்றால் என்ன போடுவீர்களோ, அதுதான் அளவு. ஓடும் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

படி 2: தோலோடு ஒட்டும் அடுக்கு

நான் பிழைவிட்ட இடம் இது. உள்ளே பெனியன் இல்லாமல் சேட்டுப் போட்டால் எங்கடை ஆக்களுக்கு உடுத்தின மாதிரியே இருக்காது. யாழ்ப்பாண வெயிலுக்கு அந்தப் பருத்திப் பெனியன் அருமையானது: வியர்வையைக் குடித்து வைத்திருந்து மெல்ல மெல்லக் குளிர்மை தரும். ஹமில்டனில் அதே குணம் ஆளை விழுத்திவிடும்.

நம்பாதவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். ஒரு பருத்திப் பெனியனையும் ஒரு பொலியெஸ்டர் ஓட்டச் சட்டையையும் நனைத்துப் பிழிந்து குளியலறைக் கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். 2 மணித்தியாலம் கழித்துக் கையை வையுங்கள். பொலியெஸ்டர் அநேகமாகக் காய்ந்திருக்கும். பெனியனின் அடிக்கரையை விரலால் நசித்தால் இன்னும் ஈரம் கசியும். அந்த ஈரத்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டுதான் நான் ஏரிக்காற்றுக்குள் ஓடினேன்.

நூலிடுக்கில் நிற்கும் காற்றுத்தான் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. அங்கே தண்ணி புகுந்தால் சூடு ஓடிவிடும். காற்றைவிடத் தண்ணி ஏறத்தாழ 25 மடங்கு சூட்டைக் கடத்தும்.

ஆகவே முதல் அடுக்கு பொலியெஸ்டர் அல்லது மெரினோ என்ற மென்மையான செம்மறியாட்டுக் கம்பளி. எனக்கு மெல்லிய மெரினோதான் பிடிக்கும். ஈரத்தை உறிஞ்சினாலும் உடனே சில்லிடாது, மணமும் குறைவு. விலை கூடத்தான், ஆனால் ஒன்று வாங்கினால் பல குளிர்காலத்துக்கு வரும். கட்டாயம் உடம்போடு ஒட்டி இருக்கவேண்டும், தொளதொளத்தால் வியர்வையை இழுக்காது. உள்தையலில் இருக்கும் துண்டை வாசியுங்கள். விளையாட்டுச் சட்டை மாதிரி இருக்கும், பார்த்தால் 60 வீதம் பருத்தி என்று போட்டிருக்கும்.

படி 3: நடு அடுக்கு

காற்றோடு சேர்த்து மைனஸ் 10க்குக் கீழே போனால் மட்டும் போடுங்கள். கழுத்திலிருந்து பாதிவரை திறக்கும் சிப் (zip) வைத்தது நல்லது. ஏற்றத்தில் இறக்கிவிடலாம், காற்றுக்கு இழுத்துவிடலாம்.

படி 4: வெளி அடுக்கு

கசக்கினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் மெல்லிய காற்றுத்தடுப்பு ஜக்கெற் போதும். தடித்த மழைக்கோட்டை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். வெளித்தண்ணியை மறிக்கிற மாதிரி உள்வியர்வையையும் மறித்துவிடும். பிறகு மெரினோ போட்டும் பிரயோசனமில்லை.

ஓட்ட இலக்கத் தாளை ஜக்கெற்றில் குத்தாதீர்கள். நேரம் கணிக்கும் மின்னணுச் சிப் (chip) அந்த இலக்கத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். 12ஆவது கிலோமீற்றரில் ஜக்கெற்றைக் கழற்ற நினைத்தால் விறைத்த விரலால் 4 ஊசியையும் பிடுங்கவேண்டி வரும். இடுப்புப்பட்டியில் கொழுவுங்கள், எதைக் கழற்றினாலும் இலக்கம் அங்கேயே இருக்கும்.

காலுக்கு உடம்போடு ஒட்டும் ரைற்ஸ் (tights) ஒன்று போதும். கைக்கு டொலராமா என்ற மலிவுக் கடையில் விற்கும் மெல்லிய கையுறையே நல்லது, தொலைந்தாலும் கவலையில்லை. கடுங்குளிர் என்றால் அதற்கு மேல் விரல் பிரியாத உறை. நாலு விரலும் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். காதை மூடுங்கள்.

படி 5: தொடக்கக் கோட்டில்

இரண்டாம் வருடம் அங்கே நடுங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அண்ணை ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இப்ப குளிருதெண்டா உடுப்புச் சரி. இப்பவே கணகணப்பா இருந்தாத்தான் பிழை." மூன்றாவது கிலோமீற்றரில் நடுக்கம் போய்விட்டது. அன்று கடைசிவரை ஓடினேன்.

காத்திருக்கும் நேரத்துக்குப் பழைய கடையில் வாங்கிய சுவெற்றர் ஒன்று, அதற்கு மேல் தலைக்கு ஓட்டை வெட்டிய பெரிய குப்பைப்பை. ஓடத் தொடங்கும்போது இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம்.

முடிவுக்கோட்டில் காய்ந்த சட்டை ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். நின்றவுடன் உடம்பு சூடு உண்டாக்குவது குறையும், ஈரம் மட்டும் மிஞ்சும். பதக்கத்தோடு படம் எடுப்பதற்கு முதல் சட்டையை மாற்றுங்கள்.

பின்சேர்க்கை

இரண்டு சோடி காலுறை போட்டும் விரல் விறைத்தது என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். அதே சப்பாத்துக்குள் இரண்டு சோடியை அடைத்தால் கால் நெரிபட்டு இரத்த ஓட்டம் குறைந்துவிடும். ஒரு சோடி கம்பளிக் காலுறை போட்டு, நாடாவைக் கொஞ்சம் இளக்கிக் கட்டுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் கழுத்துத்துணியை மூக்குக்கு மேல் இழுத்தால் மூச்சு மேலே போய்க் கண்ணாடி மூடிக்கொள்ளும். ஏரிக்காற்றுப் பக்கம் மட்டும் வாய்வரை இழுத்து, மூக்கைத் திறந்து விடுங்கள். அந்தப் பகுதி கடந்ததும் கழுத்துக்கு இறக்கிவிடுங்கள்.